வழி நெடுக நிழல்

நல்லான்விளையில் பாதி ஊர் கண்டிச் சீமைக்குக் கிளம்பிய காலையில், ஊர் நடுவில் நின்ற புன்னைமரத்தின் நிழலும் அவர்களோடு கிளம்பிப் போனது. மரம் போகவில்லை. மரம் எப்படிப் போகும், அதற்கு வேர் இருக்கிறது, வேரைச் சுற்றி ஊர் இருக்கிறது. நிழல் மட்டும்தான் போனது, கிளை கிளையாக, இலை இலையாக, மேற்கே என்றோ முறிந்துபோன கொம்பின் இடைவெளிகூட அப்படியே இருக்க, செம்மணலின் மேல் ஊர்ந்து போனது. அதை முதலில் கண்டவர் வழிக்காரர் மந்திரமூர்த்தி. கண்டதும் அவர் செய்த முதல் காரியம், “நான் சொன்னேனா இல்லையா?” என்று கழுத்தில் தொங்கிய தமுக்கை இரண்டு தட்டுத் தட்டியதுதான்.

மந்திரமூர்த்திக்குச் சொந்த ஊர் எதுவென்று யாருக்கும் தெரியாது. மழை பொய்த்து, குளங்கள் வெடித்து, பனைகூடப் பாளை விட யோசித்த அந்த வருஷங்களில், அவர் சந்தை சந்தையாகத் தமுக்கடித்துக்கொண்டு போய், தேரிக்காட்டுக்கு நடுவே கடற்கரைக்கு ஒரு வழி இருக்கிறது, கரையில் தோணி நிற்கிறது, தோணி ஏறினால் அக்கரை, அக்கரையில் காப்பித் தோட்டம், தோட்டத்தில் மூன்று வேளையும் அடுப்பெரியும் என்று சொல்லி வந்தார். அதெல்லாம் உப்பு வண்டிக்காரன் ஒருவன் அவருக்குச் சொன்னது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவர்களின் வாடிய முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வழியைச் சொல்லும்போது, அதில் நிழல் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. “வழி நெடுக நிழல் தாயீ, கால் வைக்கிற இடமெல்லாம் குளிர்ச்சி” என்று அவராகவே சேர்த்துவிடுவார். கேட்டவர்களின் முகம் மலரும், அதைப் பார்த்து அவர் முகமும் மலரும். அந்த வழியில் அவர் ஒரு அடிகூட வைத்ததில்லை.

நல்லான்விளையில் அவர் தமுக்கடித்தது புன்னைமரத்து நிழலுக்கு வெளியே, வெயிலில் நின்று. அந்த ஊரில் மரத்தடி என்றால் சும்மா இல்லை. எந்த வீட்டுக்கு எந்த இடம் என்று வேர் வேராகப் பங்கு உண்டு. நாவிதர் செண்பகம் வீட்டுக்குத் தெற்கு வேர், பூசாரி வீட்டுக்கு முறிந்த கொம்புக்குக் கீழே, இப்படி. வெளியூர்க்காரன் நிழலின் ஓரத்தில் நிற்க வேண்டும். ஏதாவது ஒரு வீடு நகர்ந்து இடம் விட்டு “உள்ள வாங்க” என்று கூப்பிட்டால்தான் உள்ளே கால் வைக்கலாம். மந்திரமூர்த்தி ஒரு காலைப்பொழுது முழுக்க ஓரத்தில் நின்று பேசினார், யாரும் கூப்பிடவில்லை. அவர் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ ஊர் மரங்களின் ஓரத்தில் நின்றவர்தான் அவர். ஆனாலும் உள்ளே இருப்பவர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதை ஒரு பார்வை பார்க்காமல் அவரால் இருக்க முடிந்ததில்லை.

அவரை வசமாக மாட்டிவிட்டவள் வெயிலுகந்தாள். அவள் புருஷன் அக்கரைத் தோட்டத்துக்குப் போன பிறகு பிறந்த பெண்குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. பல் முளைத்துவிட்ட அந்தக் குழந்தையை அப்பன் இன்னும் பார்க்கவில்லை. அவள் கிழக்கு வேரில் உட்கார்ந்தபடியே சொன்னாள்:

“அண்ணாச்சி, அம்புட்டு நல்ல வழியின்னா நீங்களே முன்னால நடங்க. நாங்க பின்னால வாரோம்.”

ஊரே ஆமாம் என்றது. மந்திரமூர்த்தி வயிற்றுவலி என்று பார்த்தார், அடுத்த சந்தை என்று பார்த்தார், ஒன்றும் எடுபடவில்லை.

கிளம்புகிற காலையில் நடக்க முடிந்தவர்கள் நடக்க முடியாதவர்களிடம் சொல்லிக்கொண்டார்கள். மாட்டிடம் சொன்னார்கள், அம்மனிடம் சொன்னார்கள், பூட்டாத கதவுகளிடம் சொன்னார்கள். போகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, எல்லாரும் போய்ட்டு வாரேன் என்றுதான் சொன்னார்கள். வெயிலுகந்தாள் புன்னையின் அடிமரத்தில் கை வைத்து, “போய்ட்டு வாரேன். நீயும் வாயேன்” என்றாள். அது அந்தப் பக்கத்து வழக்கம். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போகிற வழியில் இருக்கிற வீட்டையெல்லாம் எட்டிப் பார்த்து, வாங்களேன் போய்ட்டு வருவோம் என்பார்கள். வீட்டுக்காரர்கள், நீங்க முன்னால போங்க என்பார்கள். அதோடு முடிந்தது. அப்படிக் கூப்பிட்டதை நம்பி யாரும் மெய்யாகவே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றதில்லை. பாவம், புன்னைக்கு அது தெரியாது. கூப்பிட்டதை அது மெய்யாகவே எடுத்துக்கொண்டது. தன்னால் வர முடியாது, ஆனாலும் கூப்பிட்ட மரியாதைக்கு வீட்டுக்கு ஒருவராவது போக வேண்டுமே என்று, தன் வீட்டிலிருந்து நிழலை அனுப்பிவைத்தது.

தேரிக்காடு என்பது செம்மணல். நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளமாக இருக்கும், இன்று போன தடம் நாளை இருக்காது, மேல்காற்று அடித்தால் மணல் எழுந்து கண்ணையும் வழியையும் ஒன்றாக மூடிவிடும். கால் வைத்தால் முழங்கால் வரை வாங்கிக்கொள்ளும், உச்சிநேரத்தில் அதில் நெல்லைப் போட்டால் பொரியும். அந்த மணலில் நல்லான்விளை ஜனம் ஒரு புன்னையடியில் நடப்பதுபோல நடந்து போனது. ஆச்சரியப்பட்டார்களா என்றால், கொஞ்ச நேரம் பட்டார்கள். பிறகு நாவிதர் செண்பகம் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுதான என் இடம்?” என்று தெற்குப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டார். அவ்வளவுதான், அவரவர் இடத்துக்கு அவரவர் போய்விட்டார்கள். ஊரில் எப்படி உட்கார்ந்தார்களோ அதே வரிசையில் நடந்தார்கள். ஊரில் முறிந்த கொம்பின் இடைவெளியில் வெயில் விழுகிறது என்று வருஷக்கணக்காகக் குறைப்பட்டுக்கொண்ட பூசாரி வீட்டார், இங்கேயும் அதே வெயில் அதே இடத்தில் விழுகிறது என்று அதே குரலில் குறைப்பட்டுக்கொண்டார்கள். இருவர் நடந்துகொண்டே பாதியில் விட்டுவந்த ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். பெண்கள் நின்ற இடத்தில் பேன் பார்த்தார்கள், ஈரம் கண்ட பள்ளத்தில் ஊற்றுத் தோண்டி, மண் கலந்த தண்ணீரை முந்தானையில் வடிகட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எல்லாம் சரி, நிழலில் தொட்டில் கட்ட முடியவில்லை என்பது ஒன்றுதான் அவர்களுக்குக் குறை.

காலையில் நிழல் மேற்கே, ஊரைப் பார்த்து நீளும். மாலையில் கிழக்கே, கடலைப் பார்த்து நீளும். சூரியன் அப்படி இருந்தால் நிழல் அப்படித்தானே விழும் என்று மந்திரமூர்த்தி சொன்னார், யாரும் கேட்கவில்லை. காலையில் அதற்கு ஊர் ஞாபகம் வருகிறது என்றாள் வெயிலுகந்தாள். அதனால் காலையில் கொஞ்சம் மெதுவாக நடந்தார்கள்.

மந்திரமூர்த்தி மட்டும் முன்னால் வெயிலில் நடந்தார். நிழலைக் கொண்டுவந்ததே தான்தான் என்று முதலில் தமுக்கடித்துச் சொல்லிக்கொண்டு நடந்தார், பிறகு சொல்லாமல் நடந்தார். தலை உரிந்தது, உதடு வெடித்தது. ஜனம் கல்நெஞ்சு படைத்ததல்ல. ஓரத்துக்கு வந்து கஞ்சி கொடுத்தார்கள், கருப்பட்டி கொடுத்தார்கள், தலையில் போட்டுக்கொள்ள ஈரத் துண்டு கொடுத்தார்கள். உள்ளே கூப்பிட வேண்டும் என்றால் ஒரு வீடு நகர வேண்டும், நகர யாருக்கும் இடம் இல்லை. வழி நெடுக நிழல் என்று ஊர் ஊராகச் சொன்ன மனுஷனுக்கு அந்த வழியில் நிழல் இல்லை. அவருக்கே அது புரிந்து ஒருதரம் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

பாதித் தேரியில் மணலுக்குள்ளிருந்து ஒரு அம்மி எட்டிப் பார்த்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு ஒரு கட்டில் சட்டம், ஒரு பித்தளைப் பானை, குழந்தை நடை பழகும் மரவண்டி ஒன்று. அம்மி என்பது தாய் வீட்டிலிருந்து வருவது. எந்தப் பெண்ணும் அதைச் சும்மா இறக்கிவைத்துவிட்டுப் போக மாட்டாள், தூக்கவே முடியாமல் போனால்தான் இறக்குவாள். இறக்கிவைத்த பிறகும் கரை சேர்ந்தார்களா என்று மணலைக் கேட்க முடியாது. மந்திரமூர்த்தி ஒவ்வொரு அம்மியின் முன்னாலும் நின்றார். இவர்களெல்லாம் எந்தச் சந்தையில் தன் தமுக்கைக் கேட்டவர்கள் என்று யோசித்தார். திரும்பி வந்து நிழலின் ஓரத்தில் நின்று, உள்ளே பார்க்காமல் சொன்னார்:

“எம்மா, நான் இந்த வழியில வந்ததே இல்ல. நிழல்னு சொன்னதெல்லாம் என் வாய் சொன்னதுதான்.”

வெயிலுகந்தாள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

“அது முதநாளே தெரியும் அண்ணாச்சி. வழி தெரிஞ்சவரு இப்படித் திருதிருன்னு முழிக்க மாட்டாரு. நடங்க, கடலு கிழக்கதான இருக்கும்?”

அன்று சாயங்காலம் பின்னாலிருந்து ஒரு ஆள் வந்தான். தலையில் பனையோலையைக் கட்டிக்கொண்டு, காலில் பனைநார்ச் செருப்போடு, ஓடியும் நடந்தும் வந்து சேர்ந்தவன் பனையேறி சிவனணைஞ்சான். முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கியவன். நேராகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினான்.

“நிழல இங்க கூட்டிட்டு வந்திட்டிய, நல்லா இருக்கா? அங்க மரம் நிக்கி, அடியில வெயிலு காயுது. மாடெல்லாம் அங்கனயே போயி நின்னு நின்னு நாக்கத் தள்ளுது. ஆடியபாதம் பெரியப்பா வழக்கம்போல வந்து வேருல உக்காந்தாரு. எந்திரிக்க மாட்டேங்காரு. ‘நிழலு வெளிய போயிருக்கு, வந்திரும்’னு சொல்லிக்கிட்டு வெயில்லயே இருக்காரு. கஞ்சி குடிக்கவும் மாட்டேங்காரு.”

நிழலைப் பற்றிய பஞ்சாயத்து நிழலிலேயே கூடியது. கடல் பக்கத்தில்தானே, இப்போதே அனுப்பிவிடுவோம் என்றார்கள் சிலர். கைப்பிள்ளைகளை வைத்துக்கொண்டா என்றார்கள் சிலர். அதுவாக வந்தது, அதுவாகப் போகட்டும் என்றார் ஒருவர். ஆளுக்குப் பாதி என்றது பூசாரி வீடு. அந்தப் பாதியில் முறிந்த கொம்பு யாருக்கு என்று செண்பகம் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது. அப்போதுதான் வெயிலுகந்தாள் மெல்லச் சொன்னாள்.

“நாந்தான் கூப்பிட்டேன். சும்மா, ஒரு பேச்சுக்கு.”

“பேச்சுக்குன்னு நமக்குத் தெரியும்,” என்றார் செண்பகம். “அது மரம். அதுக்கு என்ன தெரியும்?”

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. கூப்பிட்டு வந்த விருந்தாளியைப் பாதி வழியில் திருப்பி அனுப்பக் கூடாது. கரை வரை கூட்டிப்போய், வெற்றிலை பாக்கு வைத்து, மரியாதையாக அனுப்ப வேண்டும். பெரியப்பா வெயிலில் இருக்கிறார் என்பதால் வழியில் இளைப்பாறாமல் போக வேண்டும். அப்படியே முடிவாயிற்று. சிவனணைஞ்சான் முடிவைக் கேட்கவில்லை, தன் இடத்தில் அவன் எப்போதோ தூங்கிப்போயிருந்தான்.

கடல் வந்தது. தோணி நின்றது. காற்று மாறுவதற்குள் பாய் விரிக்க வேண்டும், ஏறுங்கள் ஏறுங்கள் என்று தோணிக்காரர் அவசரப்படுத்தினார். இவர்கள் மணலில் மஞ்சள் நீர் தெளித்து, வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்து, பட்ட கஷ்டத்தை மனசில் வச்சுக்காத, ஊருல எல்லாரையும் பாத்துக்க என்று நிழலுக்குச் சொன்னார்கள். சிவனணைஞ்சான் துண்டை உதறித் தலையில் கட்டி, “வா, போவோம்” என்று மேற்கே நடந்தான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் அவன் மட்டும் வெயிலில் நிற்கிறான். நிழல் இருந்த இடத்திலேயே இருந்தது. செண்பகம் கூப்பிட்டுப் பார்த்தார், பூசாரி கூப்பிட்டுப் பார்த்தார். அசையவில்லை. வெயிலுகந்தாள் சந்தேகத்தோடு மேற்கே ஒரு அடி வைத்தாள். நிழலும் ஒரு அடி வந்தது.

கூப்பிட்டவளோடு வந்தது, கூப்பிட்டவளோடுதான் போகும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, விருந்தாளி என்றால் அப்படித்தான். வெயிலுகந்தாள் தோணியைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள். திரும்பிப் போனால் அடுத்த தோணி எப்போது என்று யாருக்கும் தெரியாது, இந்த மணலை இன்னொருதரம் குழந்தையோடு நிழலில்லாமல் கடக்க முடியாது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். போகாவிட்டால் பெரியப்பா. அவள் தன் இடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மந்திரமூர்த்தி நிழலின் ஓரத்தில் நின்றார். அவர் தோணி ஏறிவிடுவது என்று முடிவுசெய்திருந்தார். அக்கரையில் அம்மிகள் இல்லை, அந்த மணலை இன்னொருதரம் பார்க்க அவருக்குத் தைரியமும் இல்லை. ஆனால் அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு ஏறவும் கால் வரவில்லை.

“எம்மா, ஒன் இடத்த வேற யாருக்காச்சும் குடுத்துட்டா? அந்த இடத்து ஆளுன்னு நெனச்சு வராதா?”

“யாருக்குக் குடுக்க?” என்றார் செண்பகம். “எல்லாருக்குந்தான் இடம் இருக்கே. ஒருத்தருக்கு ரெண்டு இடம் நல்லான்விளையில கிடையாது. எங்க தாத்தா காலத்துல ஒருத்தன் கேட்டு, அந்தச் சண்டை இன்னும் தீரல.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் தேய்ந்தது. இடம் இல்லாத ஆள் ஒருவர் இருந்தார். எல்லாரும் திரும்பி ஓரத்தில் நின்றவரைப் பார்த்தார்கள். உரிந்த தலையும் வெடித்த உதடுமாக, தமுக்கைக் கட்டிக்கொண்டு, அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

வெயிலுகந்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, உள்ள வாங்க.”

எத்தனை ஊர், எத்தனை மரம். அந்த வார்த்தை வந்தால் எப்படி நடக்க வேண்டும் என்று அவர் பழகியிருக்கவில்லை. தமுக்கைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றி வெயிலில் வைத்துவிட்டு உள்ளே கால் வைத்தார். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அவர் சொன்னதைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

“இங்கன உக்காருங்க. ஊருல இந்த இடத்துல வேரு கொஞ்சம் குத்தும். பழகிரும்.” குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அது அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. வெயிலுகந்தாள் மணலில் கை வைத்து நிழலிடம் சொன்னாள்: “இவரு எங்க வீட்டு ஆளு, எனக்கு அண்ணன். இவரோட போ. நான் போய்ட்டு வாரேன்.”

இந்தமுறை அவள் நீயும் வா என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள். மந்திரமூர்த்தி குழந்தையைக் கொடுத்துவிட்டு எழுந்து மேற்கே ஒரு அடி வைத்தார். நிழல் கொஞ்சம் தயங்கியது. பிறகு வந்தது.

அவரும் சிவனணைஞ்சானும் நிழலோடு தேரியில் திரும்பி நடந்தார்கள். அம்மிகள் கிடந்த இடம் வந்ததும் மந்திரமூர்த்தி வழியை விட்டுக் கொஞ்சம் விலகி நடந்தார், ஒவ்வொரு அம்மியின் மேலும் நிழல் பட்டுப் போகும்படி. கட்டில் சட்டத்துக்கும் அப்படி, மரவண்டிக்கும் அப்படி. பெரியப்பா காத்திருக்கார், சீக்கிரம் வாங்க என்று சிவனணைஞ்சான் சொல்லவேண்டியதுதான், ஆனால் சொல்லவில்லை. அவனும் விலகி நடந்தான்.

ஊரில் ஆடியபாதம் பெரியப்பா தலையில் ஈரத் துண்டோடு வேரில் உட்கார்ந்திருந்தார். நிழல் தெரு வழியாக வந்து, மாடுகளின் முதுகில் ஏறி இறங்கி, மரத்தடியில் படுத்தது. “வந்திட்டியா?” என்றார் பெரியப்பா, ஏதோ கடைக்குப் போய்வந்த ஆளைக் கேட்பதுபோல. பிறகு மந்திரமூர்த்தியைப் பார்த்தார். யார் எவர் என்று கேட்கவில்லை. கிழக்கு வேரைக் கையால் தட்டிக் காட்டினார். சிவனணைஞ்சான் கஞ்சி எடுக்க ஓடினான்.

மந்திரமூர்த்தி உட்கார்ந்தார். வேர் குத்தியது. கால் நீட்டினார். அப்போதுதான் பார்த்தார், அவர் மடியில், குழந்தை உட்கார்ந்திருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெயில் விழுந்திருந்தது. காற்று அடித்தது, சுற்றியிருந்த நிழலெல்லாம் ஆடியது, அந்த வெயில் ஆடவில்லை. அண்ணாந்து பார்த்தார். அந்த இடத்துக்கு நேரே கொம்பில் இலை இருந்தது. மற்ற இலைக்கெல்லாம் நிழல் இருந்தது, அதற்கு மட்டும் இல்லை.

“ஒரு இலை நிழலு குறையுதே,” என்றார் மெதுவாக, தான்தான் வழியில் தொலைத்துவிட்டோமோ என்று பயந்து.

பெரியப்பா கஞ்சியை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார்.

“புள்ள அம்புட்டுத் தூரம் போகுது. வீட்டுக்கு ஒருத்தரு கூடப் போவாண்டாமா?”

அதற்குப் பிறகு மந்திரமூர்த்தி எந்தச் சந்தைக்கும் போகவில்லை. கிழக்கு வேரில் அந்த வெயிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் தள்ளி உட்காருமே, சுடப்போகுது என்று யாராவது சொன்னால், இருக்கட்டும், சுடவில்லை என்பார்.